பதில்: ஆயா பெயரில் நினைவு வளைவு – ஆளுக்கு 10,000

அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணன் மடலைப் பார்த்தேன். ஊர் நுழைவில் கருங்கல் வளைவு, அதில் எங்கள் ஆயா பெயர், கீழே உபயம் செய்தவர்கள் பட்டியல். என் பெயரும் தங்கை பெயரும் கேட்காமலே அதில் ஏறியிருக்கின்றன. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிப்பது) எழுதும்போது கட்டிக்கொடுத்த பெண்களைச் சேர்ப்பதில்லை. பணம் என்றதும் நாங்களும் ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோம். சரி, இருக்கட்டும்.

தோஹா தம்பி கல்லுக்கு அடி என்ன விலை என்று கேட்டு மடலுக்கு மேல் மடல் போடுகிறான். நான் வேறு கணக்குச் சொல்கிறேன்.

தை கடைசியில் புளி உலுக்கத் தொடங்கினால் பங்குனி வரைக்கும் ஆயா திண்ணையில்தான். கிருஷ்ணகிரி பழையபேட்டை மண்டியிலிருந்து மூட்டை வந்து இறங்கும். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கொட்டையையும் எடை போட்டுத் திருப்பித் தரவேண்டும், அதற்கும் விலை உண்டே. அந்தக் கூலி வீட்டுச் செலவில் சேராது. தாத்தாவும் கேட்க மாட்டார். சித்திரையில் திரௌபதி அம்மனுக்குக் காப்புக் கட்டியதும் அத்தனையும் கூத்துக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போகும்.

பதினெட்டு நாள். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவெல்லாம் கூத்து. விடிந்ததும் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஆயா களி கிண்டி, கீரை கடைந்து வைத்திருக்கும். ராஜா வேஷக்காரர் ஒருவர் நெல்லுச்சோறு கேட்டதற்கு, "துரியோதனனா இருந்தாலும் எங்க ஊர்ல களிதான்" என்றது.

கூத்தில் பாஞ்சாலி துகில் உரியும் இரவிலிருந்து, துரியோதனன் சாகும் படுகளம் வரைக்கும் ஆயா தலையில் எண்ணெயும் பூவும் ஏறாது. மண்ணில் செய்த துரியோதனன் தொடை பிளந்து, அம்மன் கூந்தல் முடித்த பிறகுதான் தானும் தலை வாரும். ஏன் ஆயா என்று கேட்டால், "ஒரு பொம்பளைக்கு நடந்ததுக்கு இன்னொரு பொம்பள இதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்று கேட்கும். ஒகேனக்கல் தண்ணீர்த் திட்டம் 2013-ல் வருவதற்குள், போர்வெல் தண்ணீரின் ஃபுளோரைடு ஆயாவின் காலை வளைத்துவிட்டது. அப்போதும் அந்தப் பதினெட்டு நாள் அடுப்படியை விட்டுக்கொடுக்கவில்லை.

இனி யாருக்கும் பிடிக்காத விஷயம். மழை பொய்த்த ஒரு வருஷம் வரி சேரவில்லை. கூத்து வாத்தியாருக்கு முன்பணம் கொடுக்க ஆயா கம்மலைக் கழற்றிக் கொடுத்தது. அடகுச் சீட்டு எந்த வீட்டுப் பீரோவுக்குப் போனது என்று மேட்டுத்தெருவில் கேளுங்கள். கம்மல் திரும்பி வரவில்லை. கடைசி வரைக்கும் காதில் வேப்பங்குச்சிதான். தோஹா தம்பி, உன் கணக்கு நோட்டில் அதையும் ஒரு வரி எழுது.

போன மாதம் தங்கை ஊருக்குப் போயிருந்தாள். கூத்துக்காரர்கள் தங்கும் கொட்டகை முழுக்கச் சொட்டுநீர்க் குழாய்ச் சுருளாம். யாருடையது என்று நான் எழுதவில்லை, இந்தக் குழுவிலேயே இருக்கிறவருக்குத் தெரியும். சமைக்க ஆள் இல்லை என்று சொல்லி இந்த வருஷம் கூத்தை எட்டு இரவோடு முடித்துவிட்டார்களாம். இதற்கு நடுவில் கருங்கல் வளைவு!

வளைவுக்கு நான் பைசா தர மாட்டேன். ஊர்ப் பெருமை போச்சு என்று பெங்களூர் மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். எங்கள் கல்யாணத்துக்கே வராதவர். பதினெட்டு இரவும் கூத்து நடக்குமென்றால், கொட்டகைக் கூரையை மாற்றவும் சமையலுக்கு ஆள் வைக்கவும் நானும் தங்கையும் ஆளுக்கு 20,000 தருகிறோம். ஆனால் ரசீது தலைக்கட்டுக் கணக்கில், எங்கள் பெயரில் வரவேண்டும். வீட்டுக்காரர் பெயரில் போட்டு அனுப்பினால் திருப்பி அனுப்புவேன்.

முதலில் குழாயை எடுத்துவிட்டுக் கொட்டகையைப் படம் பிடித்து இங்கே போடுங்கள். அன்றைக்கே பணம் வரும்.

கிணற்றடி வீட்டுப் பெரிய பேத்தி,
குவைத்