புதுப்பிப்பு: பழைய இரும்பு வேலியை எடுக்க எந்த மெஷின்?

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வாழைத் தோட்டத்தில் துருப்பிடித்த முள்வேலியை எடுக்க ஆங்கிள் கிரைண்டரா (வட்ட வீல் சுழன்று இரும்பை அறுக்கும் கை மெஷின்), பேட்டரி ரம்பமா என்று கேட்டிருந்தேனே, கிரைண்டர்தான் வாங்கினேன். 4 இஞ்ச் மெஷின், 1 மி.மீ. கட்டிங் வீல். எல் ஆங்கிள் (L வடிவ இரும்பு) தூணைச் சிமெண்டுக்கு ஒரு விரல்கடை மேலே வைத்து அறுத்தால் சீக்கிரம் விழுந்துவிடுகிறது.

ஆனால் முள்கம்பி விறைப்பாக நிற்கும்போது அதில் வீலை வைக்கவே வைக்காதீர்கள், அறுந்த வேகத்தில் சுருண்டு முகத்துக்கே வரும், வீலிலும் சுற்றிக்கொள்ளும். கட்டுக்கம்பியை அவிழ்த்துத் தளர்த்திவிட்டு, கட்டிங் பிளேயரால் வெட்டிச் சுருட்டி ஓரமாகப் போட்டோம். தூணுக்கு மட்டும்தான் மெஷின். அதிலும் பாதி அறுத்ததும் தூண் சாய்ந்து வீலைக் கவ்வும், அப்போதுதான் மெஷின் உதைக்கும், அதனால் வெட்டு விரிகிற மாதிரி ஒருவர் தூணை இழுத்துப் பிடித்தே ஆகவேண்டும். வீலை மூடியிருக்கும் கார்டைக் கழற்றாதீர்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

அப்புறம் தீப்பொறி. காய்ந்த வாழைச் சருகில் விழுந்தால் பொசுபொசுவென்று புகைய ஆரம்பித்துவிடும். சருகை ஒதுக்கி, தரையை நனைத்துவிட்டு வெட்டச் சொன்ன அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி. தண்ணீருக்கும் கரண்டுக்கும் வழியில்லாத இடம் என்றால் பேட்டரி ரம்பமே நல்லது, மெதுவாக அறுத்தாலும் இப்படிப் பொறி பறக்காது.