புதுப்பிப்பு: ஒரே வாரம், எல்லாப் பாடத்திலும் விகிதம்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, விகிதம் என்ற ஒரே கருத்தை ஒரு வாரம் எல்லாப் பாடங்களிலும் எடுக்கும் திட்டத்தை இந்த இழையில் முன்பு போட்டிருந்தோம். கேள்விகள் பெரும்பாலும் அறிவியல் வகுப்பின் அடர்த்திச் சோதனை பற்றியே வந்தன: கல்லின் எடையை, அது நீரில் இடம்பிடிக்கும் கன அளவால் வகுத்து அடர்த்தி காணும் சோதனை அது.

கல்லை உலர்ந்திருக்கும்போதே எடை போடுங்கள். நனைந்தால் ஒட்டிய நீரும் கணக்கில் சேரும். 100 மி.லி. அளவுருளையில் 50 மி.லி. நீர் எடுத்து, கல்லை நூலில் கட்டி மெல்ல இறக்குங்கள். அப்படியே போட்டால் நீர் தெறிக்கும், கண்ணாடி உருளை உடையவும் கூடும். கண்மட்டத்தில் வைத்து, நீர்வளைவின் (உருளைக்குள் வளைந்து நிற்கும் நீர் மேற்பரப்பின்) அடியைப் படிக்க வேண்டும். 45 கிராம் கல்லுக்கு மட்டம் 68 மி.லி. ஆனால், உயர்வு 68 − 50 = 18 மி.லி.; அடர்த்தி 45 ÷ 18 = 2.5 கி/மி.லி. மாணவர்கள் சிலர் தவறாக 68ஆல் வகுப்பார்கள். தொடக்கம், இறுதி, வித்தியாசம் என்று மூன்று கட்டம் போட்ட அட்டவணை கொடுத்தால் அது குறையும்.

கணிதத்தில் 1/2 + 1/3 = 2/5 என்ற தவறான விடை மாணவர்களிடமிருந்து வரத்தான் செய்யும். விதியை மறுபடி ஒப்பிக்க வைப்பதில் பயனில்லை. 12 செ.மீ. காகிதப் பட்டையில் பாதியையும் மூன்றில் ஒன்றையும் அடுத்தடுத்து வைக்கட்டும்: 10 செ.மீ., அதாவது 5/6. தாங்கள் சொன்ன 2/5 பாதியைவிடச் சிறியது என்பதை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

புவியியலுக்கு 1:50,000 வரைபடம்; 4 செ.மீ. என்றால் 2 கி.மீ. வளைந்த சாலையை நூலால் அளக்கவும். வரைபடத்தின் நகலைப் பெரிதாக்கினால் 1:50,000 என்ற எண் பொருந்தாது. கோட்டு அளவை (வரைபடத்திலேயே தூரம் குறித்து வரைந்த கோடு) மட்டும் கூடவே நீள்வதால் சரியாக இருக்கும்.

மொழி வகுப்பில் சோதனையின் செய்முறையை எழுதி, வேறு குழுவிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். விடுபட்ட படி உடனே தெரியும். வெள்ளிக்கிழமை நோட்டைப் பார்க்காமல் 5 கேள்விகள், அதில் 2 திங்கள் பாடத்திலிருந்து.