அக்குவாவா, அல்டோவா? ஒரு வழி சொல்லுங்கள்

வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். முதல் கார் வாங்கப் பார்த்தால் வீட்டிலேயே இரண்டு கட்சி. "கியர் மாற்றாமல் ஓட்டுவதெல்லாம் ஒரு ஓட்டமா? மனுவல் அல்டோவை எடு, எந்தக் கராஜிலும் திருத்தலாம்" என்கிறார் மாமா. (காலி வீதி நெரிசலில் அவர் கடைசியாகக் கிளச் மிதித்தது எப்போது என்று நான் கேட்கவில்லை.) மச்சான் 2014 டொயோட்டா அக்குவா ஒன்றைக் காட்டினான்; பெற்றோலோடு பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார். நின்று நின்று போகும் ஓட்டத்தில் ஹைபிரிட்தான் பெற்றோல் மிச்சம், சரி. ஆனால் பின் சீற்றோரம், பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரத்தில் விரல் வைத்துப் பார்த்தேன்: திரள் திரளாகத் தூசி. அந்தப் பற்றரி எவ்வளவு சூட்டில் வெந்ததோ!

பழைய அக்குவா வாங்கியவர்கள் பற்றரியை எப்படிச் சோதித்தீர்கள்? கொழும்பில் ஸ்கேன் பண்ணி உள்ளதை உள்ளபடி சொல்லும் கராஜ் தெரிந்தால் எழுதுங்கள். சனிக்கிழமை முற்பணம் கேட்கிறார்கள்.