குன்னூர் பழைய வீடுகள் குழு: தகரமா, ஓடா?

மேல் வீட்டு அக்கா, காலை 9:12
வணக்கம். தகரக் கூரை மூணு இடத்துல ஒழுகுது. மொத்தமா பிரிச்சுட்டு மங்களூர் ஓடு போட்டுடலாம்னு வீட்டுல சொல்றாங்க. பழைய பங்களாவுக்கு ஓடுதானே பொருத்தம்? 1200 சதுர அடி வரும்.

ஆச்சாரி மாமா, 9:20
அவசரப்படாதீங்கம்மா. 1200ங்கறது தரை அளவா, கூரை அளவா?

மேல் வீட்டு அக்கா, 9:21
தரை மாமா. சரிவு 30 டிகிரி இருக்கும்.

இன்ஜினியர் தம்பி, 9:34
அப்போ சரிவுக்காக 1.155-ஆல பெருக்கணும்க்கா. கூரை 1390 சதுர அடி, இறவாரம் தனி. 100 சதுர அடிக்கு 150 ஓடுன்னா 2085. உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 2200 வாங்கணும். ஒரு ஓடு இரண்டரை கிலோன்னு வச்சாலும் கூரை மேல அஞ்சு டன்னுக்கு மேல ஏறும், மழையில ஊறினா இன்னும் கூடும். அரை மி.மீ. தகரம்னா மொத்தமே 650 கிலோ சொச்சம்.

ஆச்சாரி மாமா, 9:41
அதான் விஷயமே. தகரத்துக்குன்னு போட்ட கைமரம், அதாவது முகட்டுலேர்ந்து சுவருக்கு இறங்கற சாய்வுச் சட்டம், மெலிசா இருக்கும், இடைவெளியும் ஜாஸ்தி. அதுல ஓடு ஏத்தினா ரெண்டு மழைக்குள்ள முகடு நடுவுல குழிவிழும், கைமரத்தோட கால் சுவரை வெளிய தள்ளும். ஓடு போட்டே ஆகணும்னா மரச்சட்டம் முழுக்க மாத்தணும், ஓடு உக்கார்ற குறுக்குச் சட்டம், அதான் ரீப்பர், 32 செ.மீ. இடைவெளி கணக்குல புதுசா அடிக்கணும். நம்ம மலையில பழைய வீட்டுக்குத் தகரமும் அசல் கூரைதாம்மா. மனசு சங்கடப்பட வேண்டாம்.

ஆச்சாரி மாமா, 9:44
முதல்ல இருக்கிற தகரத்தைப் பாருங்க. ஆணி ஓட்டையைச் சுத்தி ஸ்குரூடிரைவர் முனையால அழுத்துங்க. உள்ள போனா அந்தத் தகரம் போச்சு. போகலைன்னா துருவைச் சுரண்டி, ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ஒரு கோட்டு, பெயிண்ட் ரெண்டு கோட்டு அடிச்சா பல வருஷம் நிக்கும். அந்தக் காலத்துத் தகரம் இப்ப வர்றதை விடக் கனம். நல்லா இருக்கறதைப் பிரிக்கிறது பாவம்.

மேல் வீட்டு அக்கா, 9:58
பார்த்தேன் மாமா. தெற்கு சரிவு நல்லா இருக்கு. கிழக்கு சரிவு பூரா பொத்தல்.

இன்ஜினியர் தம்பி, 10:07
வடகிழக்குப் பருவமழை நேரா அடிக்கிற பக்கம் அது. அந்தச் சரிவை மட்டும் மாத்துங்க. கடையில வளைவு நெளி தகரம்னு சொல்லிக் கேளுங்க. பழசுல நெளிக்கு நெளி 76 மி.மீ. இருக்கும், அளந்துட்டுப் போங்க. இப்ப எல்லாரும் கொடுக்கற பட்டை நெளி அதோட சேராது, வீட்டு முகமும் கெட்டுடும். கால்வால்யூம்னா (அலுமினியமும் ஜிங்கும் கலந்த பூச்சு) சதுர மீட்டருக்கு 150 கிராம், வெறும் ஜிங்க்னா 275 கிராம். பில்லுல எழுதி வாங்குங்க.

எதிர் வீட்டு சித்தி, 10:15
கால்வால்யூம் துருவே பிடிக்காதுன்னாங்களே?

இன்ஜினியர் தம்பி, 10:26
பிடிக்கும் சித்தி, தப்பான பொருளோட சேர்ந்தா. அக்கா வீட்டுப் புகைக்கூண்டைச் சுத்தி பழைய ஈயத்தகடு மடிச்சு விட்டிருக்கும். அதுல பட்டு வழியற மழைத்தண்ணி கால்வால்யூம் மேல விழுந்தா, விழற கோட்டுல பூச்சு போய், கீழ இரும்பு துருவேறும். ஈயம், செம்பு ரெண்டுமே ஆகாது. ஈரச் சிமென்ட் கலவையும் பூச்சை அரிக்கும். புகைக்கூண்டு ஓரத்துக்கு அலுமினியத் தகடு போட்டு, மேல் விளிம்பைச் செங்கல் இணைப்புக்குள்ள செருகி சீலன்ட் வைங்க. ஈயத்தை வச்சுக்கணும்னா அந்தச் சரிவுக்கு ஜிங்க் தகரமே போடுங்க.

ஆச்சாரி மாமா, 10:33
புதுத் தகரம் மாட்டும்போது:
காத்து வர்ற பக்கத்துக்கு எதிர் மூலையில ஆரம்பிக்கணும். அப்பதான் இணைப்பு வாய் காத்துக்கு முதுகு காட்டும்.
ஒரு தகரம் மேல அடுத்தது பக்கவாட்டுல ஒன்றரை நெளி, மேல கீழ 15 செ.மீ. ஏறி நிக்கணும்.
ஸ்குரூ நெளியோட மேட்டுல, பள்ளத்துல கூடாது. ரப்பர் வாஷர் லேசாப் பிதுங்கற வரைக்கும்தான் முடுக்கணும், நசுங்கினா வெடிச்சு ஒழுகும்.
இறவாரத்துலயும் முகட்டுலயும் ஒரு நெளி விட்டு ஒரு நெளி ஸ்குரூ.
கிரைண்டர் வச்சு அறுக்க விடாதீங்க. பொறி பட்ட இடம் பூச்சு கருகும், இரும்புத்தூள் ஒட்டி ஒரே வாரத்துல துரு கக்கும். தகரக் கத்திரி போதும். சாயங்காலம் இறங்கறதுக்கு முன்னாடி தூளைப் பெருக்கிடணும்.

எதிர் வீட்டு சித்தி, 10:41
எங்களுது ஓட்டு வீடு. 40 ஓடு மாத்தணும். பழைய ஓடு வாங்கலாமா?

ஆச்சாரி மாமா, 10:49
தாராளமா. ஆனா ஓட்டுக்கு அடியில இருக்கிற முத்திரையைப் பாருங்க. கம்பெனிக்குக் கம்பெனி பள்ளம் மேடு மாறும், கலந்தா கவ்வாது. ஒரு சரிவுக்கு ஒரே முத்திரை. விரல் முட்டியால தட்டினா கணீர்னு கேக்கணும், மந்தமாக் கேட்டா கீறல். முகட்டு ஓட்டுக்குச் சுண்ணாம்புக் கலவை வைங்க, மரம் அசையும்போது சிமென்ட் வெடிச்சுடும். பாசியைப் பிரஷர் பம்பு வச்சு அடிக்காதீங்க, மேல்தோல் உரிஞ்சு ஓடு தண்ணி குடிக்க ஆரம்பிச்சுடும். குரங்கு கிளப்புற வரிசையை, ஓட்டோட அடிப்பக்கத்துக் காதுல செம்புக் கம்பி கோத்து ரீப்பரோட கட்டுங்க.

இன்ஜினியர் தம்பி, 10:55
ஊட்டிப் பக்கம்னா ஒரு ஓடு எடுத்து எடை போட்டு, ஒரு நாள் தண்ணியில ஊறவச்சு மறுபடி எடை பாருங்க. நிறைய உறிஞ்சற ஓடு ஜனவரி உறைபனியில செதில் செதிலா உதிரும்.

மேல் வீட்டு அக்கா, 11:02
பின்கட்டு சமையலறையில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கே?

இன்ஜினியர் தம்பி, 11:05
உடைக்கவும் வேண்டாம், துளை போடவும் வேண்டாம்க்கா. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். எடுக்கணும்னா தண்ணி தெளிச்சு, மாஸ்க் போட்டு, போல்ட்டைக் கழட்டி முழுசா இறக்கணும்.

ஆச்சாரி மாமா, 11:10
பொங்கல் கழிச்சு வேலை வச்சுக்கலாம். அதுவரைக்கும் பொத்தலுக்கு பிட்டுமின் டேப்பு ஒட்டுங்க. கைமரம் அகலம், உயரம், இடைவெளி அளந்து போட்டோவோட இங்கயே போடுங்கம்மா.