ஸ்கூலை டிரஸ்ட்ல சேக்கணுமா? வோட் போடறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

ஹாரோ_அப்பா:
வணக்கம் மக்களே, லண்டன்ல ஹாரோ பக்கம் ஒரு கவுன்சில் (உள்ளாட்சி) பிரைமரி ஸ்கூல்ல நான் பேரண்ட் கவர்னர், அதாவது ஸ்கூலை மேற்பார்வை பாக்கற குழுவுல பெத்தவங்க சார்பா ஒரு மெம்பர். பொண்ணு இயர் 3. கவர்னர்னா சம்மர் ஃபேருக்கு சமோசா ஏற்பாடு பண்றதுன்னு நெனச்சுதான் பேர் குடுத்தேன், இப்போ பாத்தா அடுத்த டெர்ம் ஸ்கூலை ஒரு மல்டி அகாடமி டிரஸ்ட்ல, அதாவது கவுன்சில் கையில இல்லாம பல ஸ்கூலைச் சேத்து நடத்தற அமைப்புல, சேக்கலாமா வேணாமான்னு வோட் போடணுமாம். 30 பேர் இருக்க வேண்டிய கிளாஸ்ல 22 பேர்தான், பட்ஜெட் இழுத்துப் பிடிச்சு ஓடுது. டிரஸ்ட்காரங்க வந்து பளபளன்னு ஸ்லைடு போட்டாங்க, உங்க ஸ்கூல் உங்க ஸ்கூலாவே இருக்கும்னாங்க. ஹெட் டீச்சருக்கும் விருப்பம் மாதிரிதான் தெரியுது. நான் ஐடி ஆளு, இதுல ஒண்ணும் புரியல. என்ன கேக்கணும்?

கணக்குப்பிள்ளை:
நான் கன வருசமா ஸ்கூல் ஃபைனான்ஸில வேலை செய்யிறன். முதல்ல ஒண்டை விளங்கிக் கொள்ளுங்கோ தம்பி, சேர்ந்தாப் பிறகு சட்டப்படி உங்கட ஸ்கூல் எண்டு தனியா ஒண்டும் இல்ல. டிரஸ்ட்தான் கம்பனி, அரசாங்கத்தோட ஃபண்டிங் அக்ரிமெண்ட் போடுறதும் அவைதான், டீச்சர்மாருக்கு முதலாளியும் அவைதான். உங்கட கவர்னிங் பாடி அவையின்ர ஒரு கமிட்டியா மாறிடும். அதுக்கு என்ன அதிகாரம் மிஞ்சும் எண்டது ஸ்கீம் ஆஃப் டெலிகேஷன் எண்ட பேப்பரில கிடக்கும், வெப்சைட்டிலயே போட்டிருப்பினம், ஆனா ஸ்லைடில வராது. அதில ஹெட்டை ஆர் எடுக்கிறது, பட்ஜெட்டை ஆர் பாஸ் பண்ணுறது, இந்த ரெண்டையும் தேடிப் பாருங்கோ. பிறகு அந்தப் பேப்பரையே டிரஸ்டிமார் நினைச்சா மாத்தலாம், அதையும் மனசில வைச்சிருங்கோ.

அடுத்தது காசு. டாப் ஸ்லைஸ் எண்டு வருமானத்தில ஒரு வீதம் நடு ஆபீசுக்குப் போகும், 5 வீதம் எண்டா 20 லட்சம் பவுண்ட் பட்ஜெட்டில ஒரு லட்சம். இப்ப பேரோல், எச்ஆர் எல்லாத்துக்கும் கவுன்சிலுக்குக் கட்டுறதைக் கூட்டி அதோட வைச்சுப் பாருங்கோ, சில இடத்தில லாபமாயும் இருக்கும். ஆனா சில டிரஸ்ட் பெர்சன்டேஜ் எடுக்கிறேல்ல, எல்லா ஸ்கூலின்ர காசையும் ஒரே சட்டியில போட்டுத்தான் பிரிக்கும், ஜிஏஜி பூலிங் எண்டு சொல்லுறது (ஜிஏஜி எண்டா அரசாங்கம் வருசா வருசம் ஸ்கூலுக்குக் குடுக்கிற காசு). அப்ப நீங்கள் சேர்த்து வைச்ச ரிசர்வ் என்னாகும்? வாயால சொன்னாக் காணாது, எழுத்தில கேளுங்கோ. 2017 செப்டம்பரில வேக்ஃபீல்ட் சிட்டி அகாடமீஸ் டிரஸ்ட் தன்ர 21 ஸ்கூலையும் கைவிடுறம் எண்டு அறிவிச்சது, ஸ்கூல் திறந்து சில நாள்தான். ஸ்கூல்களின்ர ரிசர்வ் காசை டிரஸ்ட் எடுத்துப்போட்டுது எண்டு பெரிய பிரச்சினை நடந்தது, தேடிப் படிச்சுப் பாருங்கோ.

ஹாரோ_அப்பா:
அண்ணே தலை சுத்துது 😅 சரி, ஒத்து வரலைன்னா திரும்ப கவுன்சிலுக்கே வந்துட முடியாதா?

கணக்குப்பிள்ளை:
ஏலாது. வேற டிரஸ்டுக்கு மாறவும் உங்கட டிரஸ்டும் அரசாங்கமும் சம்மதிக்க வேணும், லோக்கல் கவர்னர்மார் வோட் போட்டு வெளியில வர ஏலாது.

டீச்சரம்மா_குரோய்டன்:
நான் ஒரு டிரஸ்ட் ஸ்கூல்ல அஞ்சு வருஷம் வேலை பாத்தேன். நல்லதை மொதல்ல சொல்லிடறேன், ஒருத்தங்க மெட்டர்னிட்டி லீவுல போனா பக்கத்து ஸ்கூல்லேந்து ஆள் வரும், ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருத்தர் எல்லா ஸ்கூலுக்கும் சேத்து இருந்தாங்க, தனியா இருந்தா எங்களால வச்சுக்கவே முடிஞ்சிருக்காது. ஆனா மூணாவது வருஷம் எல்லா ஸ்கூலுக்கும் ஒரே பாடம் ஒரே ஸ்லைடுன்னு வந்துச்சு, செவ்வாய்க்கிழமை காலைல நான் என்ன சொல்லணும்ங்கறதைக்கூட வேற யாரோ எழுதி அனுப்பினாங்க, நல்ல டீச்சர்ஸ் நாலு பேர் கெளம்பிட்டாங்க. சேரும்போது யாரும் இதைப் பத்தி வாயே தெறக்கல.

ஸ்டாஃபுக்கு டூப்பி (TUPE) சட்டம் இருக்கு, முதலாளி மாறும்போது வேலை பாக்கறவங்களைப் பாதுகாக்கறது, இப்போ இருக்கற சம்பளம் கண்டிஷன் எல்லாம் அப்படியே கூட வரும், டீச்சர்ஸ் பென்ஷனும் தொடரும். புதுசா எடுக்கறவங்களுக்கு என்ன காண்ட்ராக்ட்னு கேளுங்க. அப்புறம், மூணு நாலு வருஷம் முன்னாடி அந்த டிரஸ்ட்ல சேந்த ஒரு ஸ்கூலுக்கு நேர்ல போங்க, சிஇஓ கூட வராம. ஹெட் கிட்ட மட்டும் பேசாதீங்க, ஆபீஸ்ல இருக்கற அம்மாகிட்டயும் டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட்) கிட்டயும் பேசுங்க, உண்மை அங்கதான் வரும்.

டூட்டிங்_ராஜா:
ரொம்ப பயமுறுத்தாதீங்கப்பா, எங்க பசங்க ஸ்கூல் சேந்து நல்லாத்தான் போகுது. ஆனா ப்ரோ, உங்க பிரச்சனை புள்ளைங்க கம்மியாகுறது. லண்டன் முழுக்க அதே கதை, பிறப்பு கம்மி, வாடகை ஜாஸ்தி, குடும்பங்க வெளிய போகுது. டிரஸ்ட்ல சேந்தா புள்ளைங்க எங்கேந்து வருவாங்க? பக்கத்துல அவங்களுக்கே இன்னொரு பிரைமரி இருந்தா ரெண்டையும் ஒண்ணாக்குவீங்களான்னு நேரா கேளுங்க. அட்மிஷன் ரூல்ஸும் அவங்க கைக்குப் போயிடும். நீங்களா விரும்பி கன்வெர்ட் ஆனா டெஃபிசிட்டும், அதான் பட்ஜெட் பற்றாக்குறையும், உங்ககூடவே போகும், அதனால அவங்களும் உங்க கணக்கைக் கிண்டுவாங்க.

அவசரமும் இல்ல. 2030க்குள்ள எல்லா ஸ்கூலும் டிரஸ்ட்ல இருக்கணும்னு 2022ல அரசாங்கம் வொயிட் பேப்பர்னு ஒரு கொள்கை அறிக்கை போட்டுச்சு, அதுக்காகக் கொண்டு வந்த மசோதாவை அதே வருஷம் டிசம்பர்ல தூக்கிப் போட்டுட்டாங்க. இப்போ சேரலைன்னா இடம் போயிடும்னு யாராவது சொன்னா, எதுக்கு அவசரப்படுத்தறாங்கன்னு யோசிங்க.

ஹாரோ_அப்பா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஸ்கீம் ஆஃப் டெலிகேஷன் டவுன்லோட் பண்ணிட்டேன். ஹெட் நியமனம் டிரஸ்ட் முடிவு, எங்ககிட்ட 'ஆலோசனை கேக்கப்படும்'னு போட்டிருக்கு, பட்ஜெட்டுக்கும் அதேதான். ஸ்லைடுல சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வியாழக்கிழமை மீட்டிங்ல ஹெட் முன்னாடியே கேட்டுடறேன்.

கணக்குப்பிள்ளை:
கம்பனிகளைப் பதிவு செய்யிற கம்பனீஸ் ஹவுசில அவையின்ர கடைசி மூண்டு வருச அக்கவுண்ட்சும் சும்மாவே எடுக்கலாம் தம்பி, சிஇஓ சம்பளம் எந்த அளவு எண்டும் அதில பாக்கலாம். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கோ.