1950-க்கு முன்னால் எலக்ட்ரிக் கிட்டாரே இல்லையாம்!

செம்புச்சுருள்: "எலக்ட்ரிக் கிட்டாரைக் கண்டுபிடித்தவர் லியோ ஃபெண்டர், ஆண்டு 1950" என்று பலகைப்பிரியன் நேற்று அடித்துவிட்டுப் போயிருக்கிறார். அப்படியானால் கிட்டார் கம்பெனி நடத்திய ரிக்கன்பேக்கரும் ஜார்ஜ் பீச்சமும் 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஃப்ரையிங் பான்' என்ற அலுமினிய மடி கிட்டார் எந்தக் கணக்கில் சேர்த்தி? இரண்டு லாடக் காந்தங்கள் நரம்புகளைச் சுற்றி வளைந்து நிற்கும். அடியில் செம்புக் கம்பிச் சுருள், நரம்புக்கு ஒன்றாக ஆறு இரும்புத் துருவங்கள். எஃகு நரம்பு அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். இன்றைய காந்த பிக்கப்பும், அதாவது நரம்பதிர்வை மின்னாக்கும் கருவியும், இதைத்தானே செய்கிறது?

பலகைப்பிரியன்: மடியில் கிடத்தி இரும்புக் கட்டையால் வழுக்குவதெல்லாம் கிட்டாரா? நரம்பு கழுத்தைவிட்டு எட்ட நிற்கும், விரலால் அழுத்தவே முடியாது. அதில் ஒரு பார் கார்டு (ஒரு விரலைக் குறுக்கே கிடத்திப் பல நரம்புகளை அழுத்தும் பிடி) பிடித்துக் காட்டுங்கள். மடி கிட்டார் கிட்டாரே அல்ல.

நடுநரம்பு: எலக்ட்ரிக் கிட்டார் என்றால் எது என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசலாமே?

செம்புச்சுருள்: அது கிடக்கட்டும். மடிதானே உங்கள் பிரச்சினை? அதே கம்பெனி அதே 1932-ல் அதே வகை பிக்கப்பை ஸ்பானிஷ் கிட்டாரிலும் பொருத்தியது. அந்த அக்டோபரில் கான்சஸின் விச்சிட்டா நகரில் கேஜ் ப்ரூவர் இரண்டையும் மேடையேற்றினார். ஸ்பானிஷ் என்றால் நிமிர்த்திப் பிடித்து ஃபிரெட்டில் (கழுத்திலுள்ள குறுக்குக் கம்பிகளில்) விரல் அழுத்துவது. தெரியுமா, தெரியாதா?

பலகைப்பிரியன்: அந்த ஸ்பானிஷ் கிட்டாரின் உள்ளே வெறும் கூடு. ஸ்பீக்கர் சத்தம் மேல்பலகையை ஆட்டும், பலகை நரம்பை ஆட்டும், பிக்கப் அதையே திரும்ப ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். வால்யூமைக் கூட்டினால் ஊளைதான். அதை அடக்கியது கெட்டிப் பலகை, அதாவது ஃபெண்டர். மடி கிட்டாரை இழுக்காதீர்கள்.

செம்புச்சுருள்: கேள்வியை மாற்றிக்கொண்டே போகிறீர்கள். கெட்டி உடல்தான் வேண்டுமா? 1935-ல் ரிக்கன்பேக்கரின் பேக்கலைட் (கெட்டிப் பிளாஸ்டிக்) ஸ்பானிஷ் வந்தாயிற்று, கழுத்தைத் திருகாணியால் பூட்டியது. பிறகு கிட்டார் கலைஞர் லெஸ் பால் 4 அங்குலச் சதுர பைன் கட்டையில் பிக்கப் பொருத்தி, பார்வைக்காக இரண்டு பக்கமும் பாதிப் பாதி கிட்டார் உடலை ஒட்டினார். 1948-ல் பால் பிக்ஸ்பி கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸுக்குச் செய்த கிட்டாரில் ஆறு சுருதிச் சாவியும் ஒரே பக்கம். ஃபெண்டர் சாதித்தது வேறு: உடலும் கழுத்தும் தனித்தனியாக, கழுத்துக்கு நான்கு திருகாணி. கழுத்து கெட்டால் கழற்றி வேறு பூட்டலாம். தொழிற்சாலையில் மளமளவென்று செய்ய வழி கண்டவர் அவர். அதற்காக முதல் ஆள் ஆகிவிடுவாரா?

பலகைப்பிரியன்: பேக்கலைட் உடலுக்குள் குழிகள், மேலே குரோம் தகடு. மூடி போட்ட டப்பா அது.

எஃகுக்காது: ஃப்ரையிங் பானைப் போய்த் தூக்கிப் பிடிக்கிறீர்களே! மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி இறங்கிவிடும்.

செம்புச்சுருள்: இறங்காது ஐயா, ஏறும்! அலுமினியம் எஃகைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. 22.5 அங்குல நீளத்தில் 15 டிகிரி கூடினால் வித்தியாசம் சுமார் 0.09 மில்லிமீட்டர். உடல் நரம்பை இழுக்கிறது, இழுத்தால் சுருதி ஏறத்தான் வேண்டும்.

எஃகுக்காது: மெல்லிய நரம்புதான் முதலில் சூடாகும். அப்போது இறங்கும்.

செம்புச்சுருள்: உடல் சூடானதும் ஏறும். முதல் சில நிமிடத்தையே பிடித்துத் தொங்காதீர்கள். பலகைப்பிரியனும் இப்படித்தான். போன மாதம் ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 250 கே பாட் (வால்யூம் திருகிலுள்ள மின்தடை) போட்டு மேல்சுரக் கூர்மையை மழுக்கிவிட்டு, பழியை மரத்தின்மேல் போட்டார். 500 கே போட வேண்டிய இடம் அது!

பலகைப்பிரியன்: பழைய பாட்டை எதற்கு எடுக்கிறீர்கள்? இங்கே பாட் பற்றி யார் கேட்டார்கள்? மடி கிட்டார் கிட்டாரே அல்ல.

நடுநரம்பு: வரையறை…

செம்புச்சுருள்: பீச்சம் 1934-ல் விண்ணப்பித்து 1937-ல் காப்புரிமை வாங்கினார். லியோ ஃபெண்டர் அப்போது கிட்டாரே செய்ய ஆரம்பிக்கவில்லை.

பலகைப்பிரியன்: அந்தக் காப்புரிமைப் படத்தைப் பாருங்கள். அதில் இருப்பதும் மடி கிட்டார்தான்.