ஹீமோஃபிலியா (ரத்தம் சரியா உறையாத நோய்) உள்ள பாபநாசம் தம்பிக்குத் தொடை மரப்பு: குடும்பக் குழுவில் காலை உரையாடல்

பாபநாசம் சித்தி: அக்கா, தம்பிக்கு விடியற்காலையிலேருந்து வலது தொடையிடுக்குல வலி. காலை மடக்கியே வெச்சிருக்கான், நீட்டினா கத்துறான். தொடை முன்பக்கம் தொட்டாத் தெரியலங்கிறான். மூட்டு எதுவும் வீங்கல.

மன்னார்குடி பெரியம்மா: மூட்டு இல்லடி. வயித்துக்குப் பின்னாடி சோவாஸ் தசையில ரத்தம் கசியுது போலிருக்கு, அது வெளியில வீங்காது. மரத்துப்போச்சுன்னா நரம்பு நசுங்குது. ஸ்கேனுக்குக் காத்திருக்காத, ரத்தம் உறைய வைக்கிற ஃபாக்டர் ஊசிதான் முதல்ல. டாக்டருக்கு இப்பவே போன் போடு. எடை எவ்ளோ?

பாபநாசம் சித்தி: 40 கிலோ

திருவாரூர் அக்கா: சித்தி, ஃபாக்டர் 8-ஐ, ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட்னு போட்டா ரத்தத்துல அதோட அளவு 2 சதவீதம் ஏறும். இந்த இடத்துக்கு 80லேருந்து 100 வரைக்கும் ஏத்தணும். 40ஐ 80ஆல பெருக்கி அதுல பாதி, 1600 யூனிட். ஃபிரிட்ஜ்ல என்ன இருக்கு?

பாபநாசம் சித்தி: 500 மூணு, 250 ஒண்ணு. டாக்டரும் எல்லாத்தையும் போட்டுட்டுக் கிளம்பச் சொல்றாங்க

திருவாரூர் அக்கா: ஆமா, 1750 வரும், சரியா இருக்கும். குப்பியைக் குலுக்காதீங்க, மெதுவாச் சுழட்டுங்க. நிமிஷத்துக்கு 2, 3 மில்லிக்கு மேல ஏத்தாதீங்க.

கும்பகோணம் மாமா: முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு, குதிகாலைத் தூக்கச் சொல்லும்மா. வருதா?

பாபநாசம் சித்தி: லேசாத்தான் வருதுண்ணே. இடது கால் நல்லா வருது

கும்பகோணம் மாமா: தொடை நரம்பேதான். அது தசையோட உறைக்குக் கீழயே ஓடுது. உறை விரிஞ்சு குடுக்காது, ரத்தம் சேரச் சேர நரம்பைத்தான் அமுக்கும். இப்ப மணியைக் குறிச்சு வை, போற வழியில மறுபடி பாரு. முன்னைக்குக் குறைஞ்சிருந்தா டாக்டர்கிட்ட அதைத்தான் முதல்ல சொல்லணும்.

மன்னார்குடி பெரியம்மா: தஞ்சாவூர் மெடிக்கலுக்கே போங்க. பைக், பஸ் வேணாம். கார் பின்சீட்ல படுக்க வெச்சு முட்டிக்கடியில தலையணை குடு, காலை வம்பா நீட்டாத. வலது பக்கம்ங்கிறதால குடல்வால்னு நினைச்சிடுவாங்க. ஹீமோஃபிலியா ஏ, கடுமையான வகைன்னு உள்ள நுழையும்போதே சொல்லு. ஃபாக்டர் ஏத்தாம கத்தி வைக்கவே கூடாது. இடுப்பு ஊசி, டைக்ளோஃபெனாக், ப்ரூஃபன் எதுவும் கூடாது, பாராசிட்டமால் போதும்.

பாபநாசம் சித்தி: அத்தை வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொல்றாங்க

கும்பகோணம் மாமா: வேணாம்மா. மரத்த தோலுக்குச் சூடு உறைக்காது, வெந்து கொப்பளிச்சிடும். கசிவும் கூடும்.

திருவாரூர் அக்கா: போட்டது 8லேருந்து 12 மணி நேரத்துல பாதியாயிடும். அடுத்த டோஸ் எப்போன்னு வார்டுல கேட்டுக்கிட்டே இருங்க. ஊசி தவறாமப் போட்டும் வலி குறையலன்னா ஃபாக்டரை வேலை செய்ய விடாமத் தடுக்கிற இன்ஹிபிட்டர் இருக்கான்னு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.

கும்பகோணம் மாமா: வலி நின்னுடுச்சுன்னு நடக்க விட்டுடாத. இடுப்பு முழுசா நீண்டு வர்ற வரைக்கும் படுக்கைதான். நரம்பு தேற வாரக்கணக்காகும், சிலருக்கு மாசக்கணக்கு. அதுவரை முட்டி சட்டுனு மடங்கும். படியிலயோ வரப்புலயோ விழுந்தான்னா அதே இடத்துல மறுபடி ரத்தம். தொடைப் பயிற்சி எப்ப ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லட்டும், நான் வந்து சொல்லித் தரேன்.

பாபநாசம் சித்தி: ஊசி போட்டாச்சு, 7.40. கார் வந்துடுச்சு

மன்னார்குடி பெரியம்மா: காலிக் குப்பியும் ஃபாக்டர் நோட்டும் பையில வை. 7.40னு நோட்டுல எழுதிடு.